மலையில்லா ஊரில் மலைச் சைக்கிள்

கொழும்பிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், கல்கிசையைக் கடந்ததும் இரத்மலானையை அடைகின்றனர். மேற்கே கடல், கரையோரமாகப் புகையிரதப் பாதை, கிழக்கே சதுப்பு நிலம். விமானங்கள் ஓடி எழுவதற்கேற்ற சமதரை அது. 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் திகதி முதலாவது விமானம் அங்கே தரையிறங்கியது. மலை என்று சொல்லத்தக்க மேடு கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை. அத்தகைய ஊரில் ஒருவர் மலைச் சைக்கிள் வாங்கப் புறப்பட்டால் அயலார் நகைக்கமாட்டார்களா?

நேயர்களே, அவ்வாறு புறப்பட்ட ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்குப் பெயர் வேண்டியதில்லை. அவரைப் போன்றோர் கொழும்பிலே பல்லாயிரவர். வயது ஐம்பத்து மூன்று. பிறந்தது யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில். கோட்டையிலுள்ள ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். காலையில் பஸ்ஸில் ஏறி அமர்வார். கந்தோரில் நாற்காலியில் அமர்வார். மாலையில் மீண்டும் பஸ்ஸில் அமர்வார். இரவில் தொலைக்காட்சியின் முன் அமர்வார். ஓராண்டில் இடுப்புப்பட்டியின் துளை இரண்டு தடவை மாறிவிட்டது. இரண்டாம் மாடிக்கு ஏறுகையில் மூச்சு வாங்குகிறது. அண்மையில் குருதியைப் பரிசோதித்த வைத்தியர், நீரிழிவு வாசலில் நிற்கிறது, இன்னும் உள்ளே வரவில்லை என்றார். அவருடைய தந்தையார் மாரடைப்பினால் இறந்தபோது வயது ஐம்பத்தெட்டு. இந்தக் கணக்கை அவர் எவரிடமும் சொல்லவில்லை. ஆயினும் இரவிலே தூக்கம் கலையும்போதெல்லாம் அந்த ஐந்து ஆண்டுகளை அவர் எண்ணிப் பார்ப்பதுண்டு.

உட்கார்ந்திருப்பதனால் இதயம் நோயுறுமா என்ற ஐயம் இன்றைக்குப் பலருக்கு இல்லை. ஆனால் அதை எண்ணிக் கணக்கிட்டுக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜெரமி மொறிஸ். இலண்டன் மாநகரின் இரண்டு தட்டுப் பஸ்களிலே வேலை செய்தோரை அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். சாரதியும் நடத்துநரும் ஒரே பஸ்ஸில் ஒரே தெருவில் ஒரே புகையைச் சுவாசிப்பவர்கள். வேற்றுமை ஒன்றுதான்: சாரதி நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார், நடத்துநர் நாள் முழுதும் படியேறி இறங்குகிறார். 1953ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: நடத்துநரிடத்தே இதயநோய் குறைவு, வந்தாலும் அதன் கடுமை குறைவு. தபாற் பகுதியினரை நோக்கியபோதும் அதே கதைதான். கால்நடையாகவும் சைக்கிளிலும் கடிதங்கொண்டு சென்ற தபாற்காரர், மேசையிலும் தொலைபேசி முன்பும் அமர்ந்திருந்தோரைவிட நலமாயிருந்தனர்.

ஆயினும் மொறிஸ் நேர்மையான ஆராய்ச்சியாளர். ஒருவேளை பருத்தவர்களே சாரதி வேலையை நாடுகிறார்களோ என்ற கேள்வியையும் அவர் எழுப்பினார். அதற்குச் சான்று தேடிச் சென்ற இடம் வியப்பானது: சீருடைக் கணக்கு. ஒவ்வொருவருக்கும் தைத்துக் கொடுத்த காற்சட்டையின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார். சாரதிகளின் இடுப்பு உண்மையிலேயே பெரிதாக இருந்தது. அதனை மறைக்காமல் 1956இல் வெளியிட்டார். பின்னர் வேறு பல நாடுகளிலே வேறு பலர் செய்த ஆராய்ச்சிகள், உடலுழைப்பின் பயன் இடுப்பளவோடு முடிந்துவிடவில்லை என்பதைக் காட்டின. மொறிஸ் தாமும் 99 வயது வரை வாழ்ந்தார்.

அதே காலத்தில் இன்னொரு நிகழ்ச்சி உலகத்தின் கண்களைத் திறந்தது. 1955 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் மாரடைப்புக்கு உள்ளானார். மாரடைப்பு வந்தவர் வாரக்கணக்காகக் கட்டிலை விட்டு அசையக்கூடாது என்பதே அந்நாளைய வழக்கம். ஜனாதிபதிக்கு ஆலோசனை கூறிய இதயநோய் நிபுணர் போல் டட்லி வைட், படிப்படியாக நடமாடவும் வேலைக்குத் திரும்பவும் ஊக்கினார். அடுத்த ஆண்டு ஐசனோவர் மீண்டும் தேர்தலில் நின்று வென்றார். வைட் பிறருக்குக் கூறியதைத் தாமும் செய்தவர். முதுமையிலும் சைக்கிள் ஓட்டியவர். பொஸ்ரன் நகரில் சார்ள்ஸ் ஆற்றங்கரையிலே செல்லும் சைக்கிள் பாதை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவையெல்லாம் அறிந்தோ அறியாமலோ, அந்த எழுதுவினைஞர் ஒரு சனிக்கிழமை காலையில் சைக்கிள் கடையுள் நுழைந்தார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பளபளக்கும் வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். பருத்த ரயர், அதிலே முள்ளுமுள்ளாகப் புடைப்புகள், முன் கவையிலே அதிர்ச்சி தாங்கும் வில், இருபத்தொரு கியர். “ஐயா, இதை எடுத்தால் மூன்று மாதத்தில் வயிறு வற்றிவிடும்” என்றார் அவர். விலை ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கத் தக்கது. கடைக்காரர் கூறியது எவ்வளவு உண்மை என்பதைப் பார்ப்பதற்கு முன், அந்த வண்டி பிறந்த கதையைக் கேட்பது நன்று.

1970களிலே கலிபோர்னியாவின் மறின் பகுதியில், தமால்பயஸ் மலையடிவாரத்தில் வாழ்ந்த இளைஞர் சிலர், பருத்த ரயர் பூட்டிய பழைய சைக்கிள்களைச் சொற்ப விலைக்கு வாங்கி மண்பாதையில் மலையிலிருந்து இறங்கி விளையாடினர். 1976 ஒக்ரோபரில் அதையே பந்தயமாக நடத்தினர். அந்தப் பழைய வண்டிகளிலே, பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் ஒன்றுதான் உண்டு. சரிவில் இறங்கி முடிப்பதற்குள் அது சூடேறி உள்ளேயிருந்த கிறீஸ் புகையாகிவிடும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு புதிதாகக் கிறீஸ் பொதிய வேண்டும். ‘மீளப் பொதிதல்’ என்று பொருள்படும் ‘றீபக்’ என்ற பெயரே அந்தப் பந்தயத்துக்கு நிலைத்துவிட்டது. 1977இல் அவர்களுள் ஒருவரான ஜோ பிறீஸ், மலைக்கென்றே ஒரு சட்டத்தை அமைத்தார். 1981இல் தொழிற்சாலைகள் பெருந்தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கின. 1996இல் அத்லாந்தா ஒலிம்பிக்கில் அது போட்டியாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஆகவே மலைச் சைக்கிளின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு காரணத்தோடு பிறந்தது. முட்புடைப்புகள் ஈரமண்ணைக் கவ்வுவதற்கு. வில் பாறையில் மோதும் அதிர்ச்சியை வாங்குவதற்கு. சிறிய கியர் செங்குத்தான ஏற்றத்திலே கால் ஓயாமல் மிதிப்பதற்கு. தார் வீதியிலே மண்ணும் இல்லை, பாறையும் இல்லை. அங்கே அந்தப் புடைப்புகள் இரைச்சலிட்டுக்கொண்டு மிதிப்பவரின் பலத்தின் ஒரு பகுதியைத் தின்கின்றன. மிதிக்கும்போதெல்லாம் வில்லும் அமுங்கி இன்னும் சிறிது பலத்தை வாங்கிக்கொள்கிறது. மலிவான வண்டியில் வில் இருப்பது பாரத்தைக் கூட்டுவதற்கே உதவுகிறது எனலாம்.

அப்படியானால் மலைச் சைக்கிள் இரத்மலானைக்கு ஆகாதா? அவ்வாறு ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. பருத்த ரயர் பள்ளங்களைப் பொறுக்கிறது. மழைக்காலத்து ஒழுங்கைகளிலே சறுக்காமல் நிற்கிறது. நேரான கைபிடி இருப்பதனால் முதுகை வளைக்காமல் நிமிர்ந்திருந்து ஓட்டலாம். நெடுநாள் ஓட்டாதவரின் முழங்காலுக்குச் சிறிய கியர் பெரிய துணை. கடையிலேயே முட்புடைப்பு ரயரைக் கழற்றி, வழவழப்பான வீதி ரயரைப் பூட்டச் சொன்னால், தார் வீதிக்கும் அந்த வண்டி இணங்கிவிடும். வில் இல்லாத, பாரங்குறைந்த சட்டம் கிடைத்தால் இன்னும் நன்று.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சிலவே. வண்டியின் நடுச்சட்டத்தின் இரு பக்கமும் காலூன்றி நின்றால், சட்டத்துக்கும் உடலுக்கும் இடையே சில விரற்கடை இடைவெளி வேண்டும். இருக்கையில் அமர்ந்து, தாழ்ந்துள்ள மிதியிலே குதிக்காலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இருக்கை இதனினும் தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். இரண்டு பிரேக்கும் தனித்தனியே பிடிக்க வேண்டும். மணியும், முன்விளக்கும், பின்புறச் சிவப்பு விளக்கும், தலைக்கவசமும் அலங்காரப் பொருள்கள் அல்ல. இரத்மலானையின் கடற்காற்று உப்புக் காற்று. வாரந்தோறும் செயினைத் துடைத்து எண்ணெய் இடாதவரின் வண்டி ஓராண்டில் துருப்பிடித்துவிடும்.

எனினும் வண்டியைத் தெரிவு செய்வது எளிய பகுதி. அதனை ஆறாம் மாதத்திலும் ஓட்டுவதே அரிய பகுதி. இதற்குரிய பாடம் வெளிநாட்டில் இல்லை, இந்நாட்டிலேயே இருக்கிறது.

2022ஆம் ஆண்டை இலங்கையர் எவரும் மறக்கமாட்டார். அந்நியச் செலாவணி வற்றியது. எரிபொருட் கப்பல்கள் வரவில்லை. 2021 டிசெம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், 2022 ஜூன் 26ஆந் திகதி 470 ரூபாவாயிற்று. மறுநாள் நள்ளிரவு முதல் ஜூலை 10ஆந் திகதி வரை அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. எரிபொருள் நிலையங்களின் முன் வரிசைகள் இரவு பகலாக நீண்டன. வரிசையிலேயே உயிர்விட்டோரும் உண்டு. பின்னர் பங்கீட்டு முறை வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரும் காருக்கு 20 லீற்றருமே கிடைத்தன.

அந்த மாதங்களிலேதான் கொழும்பின் தெருக்களில் சைக்கிள் மீண்டும் தோன்றியது. கழுத்துப்பட்டி அணிந்த அதிகாரியும், வைத்தியரும், ஆசிரியரும் மிதித்துச் சென்றனர். கடைகளிலே வண்டிகள் தீர்ந்தன; விலைகள் கடுமையாக ஏறின. கூரைமேல் கிடந்த பழைய வண்டிகள் இறங்கின. மூலை முடுக்குகளிலிருந்த சைக்கிள் திருத்துவோர் கைநிறைய வேலை கண்டனர். அந்த எழுதுவினைஞரும் அயலாரிடம் இரவல் வாங்கிய வண்டியில் வெள்ளவத்தை வரை, ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர், அரிசியும் மரக்கறியும் வாங்கச் சென்று வந்தவரே. இடுப்புப்பட்டி அப்போது ஒரு துளை உள்ளே சென்றிருந்தது என்பதை அவர் மனைவியார் இப்போதும் நினைவூட்டுவதுண்டு.

பிறகு கப்பல்கள் வந்தன, வரிசைகள் கலைந்தன, 2023 செப்டெம்பரில் பங்கீடும் நிறுத்தப்பட்டது. இரவல் வண்டி உரியவரிடம் திரும்பியது. விலை கொடுத்து வாங்கப்பட்ட வண்டிகள் பல, மாடிப்படிகளின் கீழும் பலகணிகளிலும் துணி உலர்த்தும் கொடிகளாகின. மனிதர் மாறவில்லை, வண்டியும் மாறவில்லை. வண்டி போக வேண்டிய இடம் மட்டும் இல்லாமற் போயிற்று.

இதற்கு முந்திய அனுபவமும் அவருக்கு உண்டு. 1990களின் முற்பகுதியில், எரிபொருட் தடை நிலவிய யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அவர் இளைஞர். அக்காலத்தில் அங்கே சைக்கிள்தான் கார், சைக்கிள்தான் லொறி, சில வேளைகளில் சைக்கிள்தான் நோயாளர் வண்டி. விறகு, நெல்மூடை, வாழைக்குலை, பாடசாலைப் பிள்ளைகள் மூவர் என எல்லாம் அதன்மேல் ஏறின. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்த மழையிரவிலே, பல குடும்பங்களின் உடைமை முழுவதையும் தாங்கியது ஒரு சைக்கிள்தான். அன்று எவரும் உடற்பயிற்சி என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. நாளொன்றுக்கு இருபது மைல் மிதித்தவரும் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

இதனைக் கொண்டு பஞ்சம் நல்லது என்றோ, போர் உடலை வளர்த்தது என்றோ எவரேனும் கூறுவாராயின் அது கொடுமையான பேச்சாகும். பசியோடு மிதித்தவரின் வலிமை வாழ்த்துக்குரியதன்று. அத்தகைய நாள்கள் மீண்டும் வரவேண்டா. ஆனால் அந்த நாள்கள் வெளிப்படுத்திய உண்மை ஒன்றை எறிந்துவிடவும் வேண்டா. உடலுக்காக மட்டும் ஓட்டுபவன் விரைவில் நிறுத்திவிடுகிறான். காரியத்துக்காக ஓட்டுபவன் தொடர்ந்து ஓட்டுகிறான். அன்று அந்தக் காரியத்தைத் துன்பம் கொடுத்தது. இன்று அதனை மனிதனே தேடி அமைத்துக்கொள்ள வேண்டும்.

அண்மைக்கால ஆராய்ச்சியும் இதற்கு அரணாக நிற்கிறது. ஐக்கிய இராச்சியத்தில் ஏறத்தாழ 2,63,000 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்து 2017இல் வெளியிட்ட முடிவின்படி, சைக்கிளில் வேலைக்குச் சென்றோரிடையே இறப்பின் ஆபத்து, கார் முதலியவற்றிற் சென்றோரைவிட 41 வீதம் குறைவு. இத்தகைய கணக்கிலே சைக்கிள் மட்டுமே முழுக்காரணம் என்று கூறிவிட முடியாது. சைக்கிள் ஓட்டுவோர் வேறு நல்ல பழக்கங்களும் உடையவராயிருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் உடற்பயிற்சிக்கென நேரம் ஒதுக்கியவர்கள் அல்லர். வேலைக்குப் போனவர்கள், போகும் வழியிலே நலம் பெற்றவர்கள்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரையான மிதமான உழைப்புப் போதும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது. நாளொன்றுக்கு அரை மணியளவு ஐந்து நாள் ஓட்டினாலே 150 நிமிடம் ஆகிவிடும். ஓட்டும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே மிதமான உழைப்பின் அடையாளம். உழைக்கும் தசை குருதியிலுள்ள சீனியை வாங்கிப் பயன்படுத்துகிறது. ஆதலின் நீரிழிவின் வாசலில் நிற்போருக்கு இது மருந்துக்கு ஒப்பானது. ஆனால் கடைக்காரர் சொன்ன மூன்று மாதக் கணக்கை நம்பவேண்டா. அரைமணி நேரம் மிதித்துவிட்டு வந்து, அந்த வெற்றியைக் கொண்டாட ஒரு தட்டுக் கொத்துரொட்டி உண்பவருக்கு நிறை குறையாது. உணவும் உடன் குறைய வேண்டும். ஐம்பதைக் கடந்தவரும், நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ உள்ளவரும், மிதியிலே கால் வைப்பதற்கு முன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்பது அறிவுடைமை.

இன்னொரு தடையையும் மறைக்கக்கூடாது. காலி வீதி சைக்கிளுக்கு உகந்த வீதியன்று. ஒன்றையொன்று முந்தும் பஸ்களும், கணத்தில் திரும்பும் முச்சக்கரவண்டிகளும் அனுபவசாலியையே நடுங்கச் செய்யும். துணிவை மட்டும் உபதேசித்து ஒருவரை அந்த வீதிக்கு அனுப்புவது நியாயமன்று. பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதையும், புகையிரத நிலையங்களிலே பூட்டி நிறுத்துவதற்கு இடமும் அமைப்பது நகரை ஆள்வோரின் கடமை. அது வரும் வரையில், குறுக்கு ஒழுங்கைகளையும் அதிகாலையையும் தெரிவு செய்வதே தக்கது. இரத்மலானையின் கிழக்கே அத்திடிய இருக்கிறது. அதனை அடுத்துள்ள பெல்லன்வில – அத்திடிய சதுப்பு நிலம் 1990ஆம் ஆண்டு முதல் சரணாலயம். விடியற்பொழுதில் அப்பக்கமாகச் செல்பவருக்குக் கொக்கும் நாரையும் காட்சி தரும்.

அந்த எழுதுவினைஞர் இறுதியில் என்ன செய்தார்? இருபத்தொரு கியர் வண்டியை வாங்கவில்லை. வில்லில்லாத, ஏழு கியர் உள்ள, நடுத்தர விலையுள்ள மலைச் சைக்கிள் ஒன்றை எடுத்து, வீதி ரயரை மாற்றுவித்தார். பின்புறத்தில் ஒரு பாரந்தாங்கியும் முன்புறத்தில் ஒரு கூடையும் பூட்டச் சொன்னார். மலைச் சைக்கிளுக்குக் கூடையா என்று கடைக்காரர் சிரித்தார். அவரோ சிரிக்கவில்லை, அந்தக் கூடைதான் தம்மை நாள்தோறும் வெளியே இழுக்கப்போகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அன்று முதல் வீட்டில் ஒரு விதி ஏற்பட்டது. பாண், பத்திரிகை, கீரை, மருந்து, கோயிலுக்குப் பூ – இவற்றுக்கு முச்சக்கரவண்டி அழைக்கக் கூடாது. காலையில் புகையிரத நிலையம் வரை சைக்கிள். அதன் பிறகே கந்தோர்ப் பயணம். முதல் வாரம் கால்கள் நொந்தன. இரண்டாம் வாரம் மழை பெய்தது; மூன்று நாள் வண்டி அசையவில்லை. நான்காம் நாள் மனைவியார், “இஞ்சருங்கோ, வீட்டில் தேங்காய் முடிந்துவிட்டது” என்றார். அவர் எழுந்து போனார். அந்தத் தேங்காய் இல்லாவிட்டால், அந்த வண்டியும் ஒரு கொடியாகியிருக்கும்.

ஆறு மாதத்தின் பின் குருதிப் பரிசோதனை நடந்தது. நீரிழிவு இன்னும் வாசலில்தான் நின்றது. ஆனால் ஒரு படி கீழே இறங்கி நின்றது. இடுப்புப்பட்டி ஒரு துளை உள்ளே சென்றது. இரண்டு அன்று, ஒன்றே. இரண்டாம் மாடிக்கு அவர் நிற்காமல் ஏறினார். ஐந்து ஆண்டு என்ற கணக்கை அவர் மறந்துவிடவில்லை. எவராலும் அதை முற்றாக மறக்கவும் முடியாது. ஆயினும் இரவிலே விழிப்பு வரும்போது, விடிந்ததும் வாங்கவேண்டிய பொருள்களை எண்ணிக்கொண்டே உறங்கிப்போகிறார்.

நேயர்களே, உங்கள் வீட்டு மூலையிலும் 2022இல் வாங்கிய வண்டி ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருக்கலாம். அதன்மேல் உலரும் துணிகளை எடுத்துவிடுங்கள். செயினுக்கு எண்ணெய் இடுங்கள். ரயருக்குக் காற்று அடியுங்கள். பிறகு கடைக்குப் போக ஒரு சீட்டு எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். மலை ஏற வேண்டியதில்லை. சந்தை வரை போனாற் போதும்.